மோட்டார் சர்ஃப் பலகை: நிற்பதற்கு முன் விழப் பழகுங்கள்

கொடியில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பாதி அழுத்தியபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். வீட்டில் யாரையாவது பின்னால் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் தோளில் ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். தடுமாறியதும் விரலைக் கவனியுங்கள். அநேகமாகக் கிளிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள்.

அலை இல்லாமலே மோட்டாரால் தண்ணீரில் ஓடும் சர்ஃப் பலகையில் புதிதாக ஏறுகிறவர் படும் பாடு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கால் தடுமாறுகிறது, பயத்தில் கை மூடுகிறது, கைக்குள் இருக்கும் டிரிக்கர், அதாவது வேகத்தைக் கூட்டும் விசை, அமுங்குகிறது, விழப்போகிற நேரம் பார்த்து மோட்டார் முழு வேகம் எடுக்கிறது. பலகையில் நிற்பது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். தடுமாறும் நொடியில் விரலை விடுவது பழகாமல் வராது. அதனால் இந்தக் கிளிப் விளையாட்டை ஒரு வாரம் ஆடுங்கள். தள்ளு விழுந்ததும் கை திறந்து கிளிப் கீழே விழ வேண்டும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நான் தூத்துக்குடிக்காரன், பிழைப்பு துபாயில். கடலைப் பார்த்து வளர்ந்தவன் என்ற மிதப்போடுதான் முதல் வகுப்புக்குப் போனேன். பத்து நிமிடத்தில் மிதப்பு கரைந்து, மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. அந்த முதல் நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எந்தப் பலகை?

மோட்டார் சர்ஃப் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று வகை இருக்கிறது. இது தெரியாமல் முன்பதிவு செய்து, போய் நின்ற பிறகு முழிப்பவர்கள் நிறைய.

முதலாவது பெட்ரோல் பலகை. செக் நாட்டில் மார்ட்டின் ஷூலா உருவாக்கிய ஜெட்சர்ஃப்தான் இதில் பெயர்பெற்றது. கார்பன் ஃபைபர் உடம்பு, உள்ளே 100 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மொத்த எடை 20 கிலோவுக்குள். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். சத்தமும் அந்த பைக் சத்தம்தான். பலகையின் மூக்கில், அதாவது முன்முனையில், கட்டிய கயிறு ஒன்று கைப்பிடியோடு வரும், அதில்தான் த்ராட்டில். பந்தயம் விடும் மோட்டோசர்ஃப் இந்த வகைப் பலகையில் வளர்ந்த விளையாட்டு. 2025இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம்பெற்றது. பலகை சின்னது என்பதால் வேகம் குறைந்தால் உங்களைச் சுமந்து மிதக்காது, அமிழ்ந்துவிடும். மெதுவாகப் போய்ப் பழகுகிறேன் என்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

இரண்டாவது எலக்ட்ரிக் ஜெட்போர்டு. ஸ்வீடனின் ராடின், அவேக் இரண்டும் இந்த வகை. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும் பம்ப் இருக்கும். ஆற்றலுள்ள மாடல்கள் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும். பேட்டரியோடு சேர்த்தால் எடை 30 கிலோவுக்கு மேல் போகும், கரையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது ஈ-ஃபாயில். பலகைக்கு அடியில் 60 முதல் 80 செ.மீ. நீளத்தில் ஒரு கம்பம் இறங்கும், அதை மாஸ்ட் என்பார்கள். அதன் அடியில் விமானத்தின் இறக்கை போல ஒன்றும், மோட்டாரும் இருக்கும். ஓரளவு வேகம் வந்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும், இறக்கை மட்டும் உள்ளே ஓடும். போர்ட்டோ ரிக்கோவில் நிக் லீசனின் லிஃப்ட் ஃபாயில்ஸ், ஆஸ்திரேலியாவின் பைரன் பேயில் டேவிட் ட்ரூவர்ன் தொடங்கிய ஃப்ளைட்போர்ட் இரண்டும் இதைக் கடைக்குக் கொண்டுவந்ததில் முன்னோடிகள்.

புதியவருக்கு என் வாக்கு ஈ-ஃபாயிலுக்குத்தான். தண்ணீருக்கு மேலே பறக்கிறது என்றதும் இதுதான் கடினம் என்று தோன்றும். ஆனால் பலகை பெரிதாக இருப்பதால் மோட்டாரை நிறுத்தினாலும் உங்களோடு மிதக்கும். நடைவேகத்தில்கூட ஓட்டலாம். சத்தம் இல்லாததால் பக்கத்தில் வரும் ஆசிரியர் பேசுவது காதில் விழும். இருபது வயதுப் பையன்கள் ஜெட்போர்டுக்குப் போகட்டும். முட்டியில் எண்ணெய் குறைந்த வயதுக்கு ஈ-ஃபாயில் நல்லது. இனி நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான். ஜெட்போர்டுக்கு வேறுபடுகிற இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

போவதற்கு முன்

நீச்சல் தெரியுமா? குளத்தில் 50 மீட்டர் நிற்காமல் போக முடியாதவர் முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், பதற்றத்தைப் போக்காது.

ஹெல்மெட் கட்டாயம். காதை மூடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டில் விழும்போது காதில் தண்ணீர் அறைவது தாங்க முடியாத வலி. லைஃப் ஜாக்கெட் கெட்டியான நுரை வைத்ததாக இருக்கட்டும், தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் வகை வேண்டாம். முதல் விழுதலிலேயே ஊதி முடிந்துவிடும், மீதி வகுப்புக்கு ஒன்றும் இருக்காது. முழுக்கை லைக்ரா சட்டையும் முட்டிக்குக் கீழே இறங்கும் கால்சட்டையும் போடுங்கள். வெயிலுக்கு ஆகும், சொறி பட்டால் அரிப்பதற்கும் ஒரு தடுப்பு. ஜெல்லிமீனைத்தான் சொல்கிறேன். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கட்டும் பட்டை இல்லாமல் இறங்காதீர்கள். என் நண்பன் ஒருவனின் இரண்டு கண்ணாடிகள் பாரசீக வளைகுடாவின் அடியில் கிடக்கின்றன.

எந்தக் கால் முன்கால் என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணை மூடி நில்லுங்கள், யாராவது பின்னாலிருந்து மெல்லத் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் கால் முதலில் முன்னே வருகிறதோ, பலகையிலும் அதையே முன்னால் வைத்துத் தொடங்குங்கள். சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

இடமும் நேரமும்

உங்களுக்கு வேண்டியது அலையே இல்லாத தண்ணீர். பெயரில் சர்ஃப் இருக்கிறதே என்று அலை அடிக்கும் கடற்கரைக்குப் போகாதீர்கள். காயல், ஏரி, அலைதடுப்புச் சுவருக்கு உட்பட்ட கடல், இவைதான் முதல் பத்து மணி நேரத்துக்கு இடம்.

ஆழம் முக்கியம். மாஸ்ட்டும் இறக்கையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் மோட்டாரைப் போட்டால் இறக்கை தரையில் குத்தும், பலகை அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். நெஞ்சளவுக்கு வந்த பிறகே டிரிக்கரைத் தொடுங்கள். எழும்பிப் பறக்கப் போகும்போது உங்கள் உயரத்துக்கு மேல் ஆழம் இருக்க வேண்டும். ஜெட்போர்டுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம், ஆனால் முழங்காலளவில் ஓட்டினால் பம்ப் மணலையும் பாசியையும் உறிஞ்சிக்கொள்ளும்.

நேரம் என்றால் விடிகாலை. துபாயில் காலை ஒன்பது மணிவரை கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று ஏறினால் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன மேடு. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் ஒருபோதும் இறங்காதீர்கள். கரை ஓரத்தில் தண்ணீர் சாதுவாகத் தெரியும். பேட்டரி தீர்ந்த பலகையோடு உங்களை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

வாடகைக்கு எடுக்கும்போது

நான் இரண்டாம் முறை போனது வேறோர் இடம், விலை கொஞ்சம் மலிவு. ஒரு மணி நேரம் முழுக்கப் பலகை எழும்பவே இல்லை. எழும்பினால் அடுத்த நொடி ஒருக்களித்தது. எனக்குத்தான் வரவில்லை என்று நொந்துகொண்டு கரைக்கு வந்து பலகையைப் புரட்டிப் பார்த்தால், அடியில் இருந்தது பழகியவர்கள் போடும் சின்ன இறக்கை. ஆளைப் பார்த்து மாற்றிப் போடுகிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இறக்கையின் பரப்பைச் சதுர செ.மீ.யில் சொல்வார்கள். புதியவருக்கு 1,500க்கு மேல் இருக்கட்டும், உடம்பு கனத்தவர் என்றால் 2,000 பக்கம் போகலாம். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் தூக்கு நாலு மடங்கு. பெரிய இறக்கை குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடும், அதனால் விழுந்தாலும் மெதுவாக விழுவீர்கள். சின்ன இறக்கையில் எழும்புவதற்கே வேகம் பிடிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய மற்றவை: ஆசிரியர் கூடவே வருவாரா, கரையில் நின்று கத்துவாரா? டிரிக்கர் இருக்கும் கை ரிமோட்டில் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்துத் தருவார்களா? ஏதாவது ஆனால் இழுத்து வரப் படகு இருக்கிறதா? உரிமமும் காப்பீடும் உண்டா? முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

மணலில் பதினைந்து நிமிடம்

நல்ல ஆசிரியர் உடனே தண்ணீருக்குள் விடமாட்டார். எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு பிலிப்பினோ. பலகையின் அளவுக்கு மணலில் கோடு போட்டு அதன்மேல் படுக்கச் சொன்னார். முட்டி போடு, எழு, பார்வை எதிரே, மறுபடி படு. இருபது முறை. நடுநடுவே கையைத் தட்டுவார். தட்டியதும் ரிமோட் பிடித்த கையை விரிக்க வேண்டும், உடம்பைப் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சரிக்க வேண்டும். மூன்று முறை கையை விரிக்காமல் விழுந்தேன். “சார், இப்ப நீங்க மோட்டார் மேல” என்று அவர் பாஷையில் சிரித்தார்.

ரிமோட்டின் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜெட்போர்டிலும் பெட்ரோல் பலகையிலும் காந்தம் வைத்த பாதுகாப்புக் கயிறு ஒன்று உண்டு, விழுந்ததும் அது பிடுங்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்தும். ஈ-ஃபாயிலில் ரிமோட்டின் ரேடியோ சிக்னல் தண்ணீருக்குள் போகாது, கை மூழ்கினால் தொடர்பு அறுந்து மோட்டார் நிற்கும். இது இருக்கிறதே என்று விரலை விடாமல் இருக்கலாமா? கூடாது. கை மூழ்குவதற்கு முன் உடம்பு விழுகிறதே, அந்த இடைவெளியில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

வயிறு, முட்டி, கால்

முதல் பதினைந்து நிமிடம் வயிற்றில் படுத்தபடியே ஓட்டுங்கள். அவமானம் இல்லை. பலகையின் நடுக்கோட்டில் படுத்து, மார்பைச் சற்றுத் தூக்கி, டிரிக்கரை நூல் இழுப்பது போல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பலகை உங்களை விட்டுவிட்டு ஓடும். உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான் ஸ்டீயரிங். எட்டுப் போட வந்துவிட்டால் முட்டிக்குப் போகலாம்.

முட்டி போடுவது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். சைக்கிள் மாதிரிதான் இதுவும், நின்றால் ஆடும், ஓடினால் நேராகும். முட்டியில் இருக்கும்போதே வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மூக்கு மேலே ஏற ஆரம்பிக்கும். உடனே மார்பை முன்னால் சாய்த்து அதை அமுக்குங்கள். இந்த ஒரு பழக்கம் முட்டியில் வந்துவிட்டால் நின்ற பிறகு பாதி வேலை மிச்சம்.

எழுவதற்கு முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவில் கொண்டுவந்து ஊன்றுங்கள், பிறகு பின்காலை மாஸ்ட்டுக்கு நேர் மேலே வையுங்கள். இடுப்பை மட்டும் மடக்கிக் குனிந்து நிற்கிறவர்கள்தான் அதிகம், அது விழுவதற்கான தோரணை. முட்டியை மடக்குங்கள், முதுகு நேராக. பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முட்டி எப்படித் தளர்ந்திருக்கும்? அப்படி.

காலைப் பார்க்காதீர்கள். கண் எங்கே போகிறதோ உடம்பு அங்கே போகும், காலைப் பார்த்தால் காலடித் தண்ணீருக்குத்தான் போவீர்கள்.

எழும்பும் நேரம்

மணிக்கு 15 கி.மீ. வாக்கில் இறக்கை தூக்க ஆரம்பிக்கும். அதுவரை பலகைக்கு அடியில் சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென நின்றுபோகும். காதில் காற்று மட்டும். இந்த அமைதியில்தான் முதன்முறை எல்லோரும் விழுகிறார்கள். தூக்கிவிட்டது என்று தெரிந்ததும் உடம்பு பயந்து பின்னால் சாயும். எடை பின்காலுக்குப் போனதும் மூக்கு இன்னும் மேலே ஏறும், இறக்கை தண்ணீரின் மேல்மட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். காற்று உள்ளே இழுபட்டால் இறக்கைக்குப் பிடிமானம் போய்விடும். நாற்காலியை யாரோ உருவிய மாதிரி பொத்தென்று விழுவீர்கள்.

அதனால் தூக்கும்போது முன்னால் சாயுங்கள். எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும். முதல் நாள் பறக்க நினைக்காதீர்கள். ஒரு சாண் எழும்புங்கள், மூன்று எண்ணுங்கள், டிரிக்கரைக் கொஞ்சம் தளர்த்தி மெத்தென்று தண்ணீரில் வையுங்கள். மறுபடி எழும்புங்கள். தொட்டுத் தொட்டுப் போகிற இந்தப் பயிற்சிதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுத்தந்தது. டிரிக்கரால் உயரத்தைப் பிடிக்க முயலாதீர்கள். வேகம் ஒரே அளவில் இருக்கட்டும், உயரத்தை முன்கால் பார்த்துக்கொள்ளும்.

விழுவது

விரலை விடு, பலகையை விட்டு விலகு, தட்டையாக விழு. இந்த வரிசை மாறக் கூடாது. முன்பக்கம் தலைகுப்புறப் பாயாதீர்கள், ஆழம் தெரியாது, பலகை பின்னாலேயே வரும். பக்கவாட்டில் முதுகும் தோளும் பட விழுந்தால் உடம்பு ஆழமாகப் போகாது, இறக்கையிடமிருந்தும் தள்ளியிருக்கும். இறக்கையின் விளிம்பு அரிவாள்மணைபோலத்தான், சுற்றாமல் நின்றாலும் வெட்டும். சரிகிற பலகையைத் தாவிப் பிடிக்கிற ஆசை வரும். விட்டுவிடுங்கள், பத்தடி தள்ளி மிதந்துகொண்டு நிற்கும்.

மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் பலகை எங்கே என்று பாருங்கள், பிறகு பக்கத்தில் வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்று பாருங்கள்.

முதல் மணி நேரத்தில் முப்பது நாற்பது முறை விழுவீர்கள். ஏறி ஏறித் தோள்தான் வலிக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

பேட்டரியும் திரும்புவதும்

பறக்கும்போது பலகை தண்ணீரில் உரசாததால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். எழும்பாமல் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போனால் சீக்கிரம் தீரும், அதாவது புதியவருக்குத்தான் பேட்டரி சீக்கிரம் தீரும். பழகியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் வருகிற பேட்டரி உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியலாம். ரிமோட்டில் 30 சதவீதம் காட்டினால் கரையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். போகும்போது காற்றுக்கு எதிராகவும், வரும்போது காற்றோடும் என்று பாதையை வைத்துக்கொண்டால் நின்றுபோனாலும் காற்று உங்களைப் புறப்பட்ட பக்கம்தான் கொண்டுவரும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இணைப்பு முனைகளில் உப்பு காயவே கூடாது. ரப்பர் வளையங்களில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பேட்டரி சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். படுக்கையறையில் வேண்டாம், தூங்கிக்கொண்டே வேண்டாம். பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

நம் ஊர்க் கடலில்

சென்னைப் பக்கம் கோவளத்தில் சர்ஃப் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அந்த அலை சாதாரண சர்ஃப் பலகைக்கானது, மாஸ்ட் வைத்த பலகையைக் கரையில் உடையும் அலைக்குள் தள்ளிக்கொண்டு போவது புதியவர் வேலை இல்லை. மதியம் கொண்டல் காற்று ஏறினால் அதுவும் போச்சு. மிதவை வலை போட்டிருக்கும் இடங்களை மீனவர்களிடம் கேட்காமல் எங்கும் இறங்காதீர்கள். புரொப்பெல்லரில் நரம்பு வலை சுற்றினால் உங்களுக்குப் பலகை போகும், அவருக்கு அன்றைய பிழைப்பு போகும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன, அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

பாக் விரிகுடா பார்க்க ஆசையாக இருக்கும், குளம் மாதிரிக் கிடக்கும். பல இடங்களில் ஆழம் பற்றாது, அடியில் கடல்புல். 2022இல் அங்கே 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அந்தப் பக்கமே மோட்டாரோடு போகக் கூடாது.

வாங்கலாமா?

இருபது மணி நேரமாவது வாடகையில் ஓட்டிய பிறகு யோசியுங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஈ-ஃபாயில் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் டாலரைத் தாண்டலாம், பேட்டரி தேய்ந்தால் அது தனிச் செலவு. ரிப்பேர் பார்க்க ஊரில் ஆள் இருக்கிறாரா என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள்.

போன தை மாதம் என் மச்சான் போனில், “ஊருக்கு வரும்போது அந்தப் பறக்குற பலகையக் கொண்டு வாங்க, லக்கேஜ்ல போட்டுரலாம்ல?” என்றான். பலகையைப் போடலாம், பேட்டரியைப் போட முடியாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு. ஈ-ஃபாயில் பேட்டரி 1,500, 2,000 என்று இருக்கும். சரக்குக் கப்பலில், அபாயப் பொருள் என்று எழுதி, அதற்கான பெட்டியில்தான் வர வேண்டும். அவனுக்கு இப்போதைக்கு ஒரு டஜன் துணி கிளிப் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.